எதுகையை அடிக்கோடிட்டால் போதுமா?

நகை நட்டு. மூட்டை முடிச்சு. அண்டை அயல். உற்றார் உறவினர். சொத்து சுகம். ஓட்டை உடைசல்.

துணி மணி. சாக்கு போக்கு. நண்டு சிண்டு. கொஞ்ச நஞ்சம். பட்டி தொட்டி. பழக்க வழக்கம்.

முதல் வரிசை முழுக்க மோனை, இரண்டாவது முழுக்க எதுகை. யாப்பிலக்கணம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். நண்டு சரி, சிண்டு எங்கிருந்து வந்தது? நகைக்குப் பக்கத்தில் நட்டுக்கு என்ன வேலை? இந்தச் சோடிகளில் பல, காதுக்காகவே சேர்ந்தவை. ஒலி ஒன்றிப் போனால் நமக்கு ஒரு திருப்தி. அது போதும் என்று அர்த்தத்தை அதிகம் விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இத்தனை நல்ல காதை வைத்துக்கொண்டு, கவிதை என்று வந்ததும் கண்ணை மட்டும் வேலைக்கு அனுப்புகிறோம் என்பதுதான் என் புகார்.

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் பயிற்சித்தாளில் ‘எதுகைச் சொற்களை எடுத்தெழுதுக’ என்று ஒரு கேள்வி. பையன் செய்யுளைப் படிக்கவே இல்லை. வரி வரியாக இரண்டாவது எழுத்தின் மேல் பேனாவை ஓட்டினான், ஒரே எழுத்து இருந்த இடங்களில் கோடு போட்டான், எழுதி முடித்துவிட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “பாட்டைப் படிக்கலையாடா?” என்றேன்.

“படிச்சா டைம் ஆகும் மாமா. ரெண்டாவது லெட்டரைப் பாத்தாலே போதும்.”

மதிப்பெண் வாங்க அது போதும்தான், மறுக்க முடியாது. ஆனால் அவன் செய்தது கணக்கெடுப்பு. சந்தைக்கு எத்தனை மாடு வந்திருக்கிறது என்று கொம்பை எண்ணிச் சொல்வதைப் போல. அந்தக் கணக்கெடுப்பும் பல இடங்களில் தப்பாகப் போகும். எங்கெங்கே தப்பும் என்று பார்த்தாலே பாடம் பாதி முடிந்துவிடும்.

முதல் இடம், நீளம். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை என்று எல்லோருக்கும் தெரியும். முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்ற மறுபாதியைத்தான் மறந்துவிடுகிறோம். கட்டு, பட்டு, தட்டு மூன்றும் ஒரு குடும்பம். பாட்டு, காட்டு, கேட்டு வேறு குடும்பம். கட்டையும் பாட்டையும் சோடி சேர்த்தால் கண்ணுக்கு ‘ட்டு’ தெரியும், காது ஏற்காது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கட்டு, பட்டு. அடுத்து கட்டு, பாட்டு. இரண்டாவதில் ஏதோ நொண்டுகிறது அல்லவா? குறிலும் நெடிலும் எடுத்துக்கொள்கிற நேரம் வேறு. எழுத்து மட்டுமல்லாமல் நேரமும் ஒன்றினால்தான் எதுகை.

இரண்டாவது இடம், மோனையின் சொந்தக்காரர்கள். முதலெழுத்து அச்சு அசலாக அதேதான் வரவேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ நான்கும் தங்களுக்குள் மோனை. இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ இன்னொரு கூட்டம். மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ. பள்ளியில் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். காரணம் யாரும் சொன்னதாக நினைவில்லை. காரணமோ வாயிலேயே இருக்கிறது. உ, ஊ, ஒ, ஓ சொல்லும்போது உதடு குவிகிறது. ம, வ இரண்டுக்கும் உதடு வேண்டும். ஞ, ந இரண்டும் மூக்கு வழியாக வருகிறவை. ‘ஐ’ என்று இழுத்துச் சொன்னால் ‘அய்’ என்றுதான் தொடங்கும். ‘ஔ’வும் ‘அவ்’ என்றே தொடங்கும். ஆகவேதான் ‘அ’வின் வீட்டில் அவற்றுக்கும் இடம். இத்தனைக்கும் தொல்காப்பியப் பிறப்பியல் ஔகாரத்தை உதடு குவியும் எழுத்துகளோடு சேர்த்திருக்கிறது. மோனை அதைப் பொருட்படுத்தவில்லை, தொடங்குகிற ஒலி எதுவோ அதற்குத்தான் மதிப்பு. ‘ஓட்டை உடைசல்’ என்பதில் கண்ணுக்கு இரண்டு வேறு எழுத்துகள். காதுக்கு அண்ணன் தம்பி.

மூன்றாவது இடம் கொஞ்சம் தந்திரமானது. பழைய பாடல்களை இப்போது நாம் பெரும்பாலும் சந்தி பிரித்த பதிப்புகளில் படிக்கிறோம். 1950களில் மர்ரே ராஜம் மலிவு விலையில் பழைய நூல்களைச் சந்தி பிரித்து வெளியிட்டாரே, அது பெரிய உபகாரம். அந்த வழி வராவிட்டால் பாதிப் பேருக்குக் கம்பன் கிட்டவே வந்திருக்க மாட்டான். ஆனால் பிரிக்கிறபோது பொருள் தெளிகிறது, ஒலி உடைகிறது. கம்பனில் சூர்ப்பணகை அழகியாக வேடம் போட்டு இராமன் முன்னே வருகிற செய்யுளை எடுங்கள். பாட்டு நெடுக ‘ஞ்ச’ என்ற ஒலி ஓடுகிறது. அதில் ஒரு சொல் ‘அஞ்சொல்’. பிரித்த பதிப்பில் அது ‘அம் சொல்’ என்று கிடக்கும். அழகிய சொல் என்று பொருள் புரிந்துவிடும், ஞகரம் மாயமாகிவிடும். பிரித்ததைப் படித்து அர்த்தம் தெரிந்துகொண்ட பிறகு, சேர்த்து ஒருமுறை சத்தமாகச் சொல்லாவிட்டால் கம்பன் செய்த வேலையில் பாதி நமக்கு வந்து சேராது.

அந்தச் செய்யுள் பக்கம் திரும்ப வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. மேற்கோள் காட்டாமல் நானே கட்டிய இரண்டு வரிகள், கவிதை என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்:

கொட்டும் மழையில் குடைபிடித்து நின்றாள்
பட்டுப் புடவை பாதி நனைந்தது

கொட்டும், பட்டு: அடி எதுகை. முதல் வரியில் ‘கொ’வுக்கு மூன்றாம் சீரில் ‘கு’, இரண்டாம் வரியில் ‘ப’வுக்கு மூன்றாம் சீரில் ‘பா’. ஒன்றிலும் மூன்றிலும் வருகிற இந்த அமைப்புக்குப் பொழிப்பு மோனை என்று பெயர். ஒன்றும் இரண்டும் என்றால் இணை, ஒன்றும் நான்கும் என்றால் ஒரூஉ, நாலு சீரிலும் என்றால் முற்று. பெயர்களை விடுங்கள். வரியைச் சொல்லும்போது மூச்சு எங்கே விடுகிறீர்கள்? ‘மழையில்’ தாண்டி, ‘குடை’க்கு முன்னால். ‘புடவை’ தாண்டி, ‘பாதி’க்கு முன்னால். மோனை விழுவதும் சரியாக அங்கேதான். நாற்சீர் அடியில் மூன்றாம் சீர், அறுசீர் விருத்தத்தில் நான்காம் சீர், எழுசீரிலும் எண்சீரிலும் ஐந்தாம் சீர் என்று மோனைக்கு வழக்கமாக இடம் ஒதுக்கியிருப்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். நிறுத்தக்குறிகள் இல்லாத ஓலைச்சுவடியில் அடியின் பாதி இங்கே முடிகிறது, மறுபாதி இங்கே எழுகிறது என்று சொல்லித் தருவதும் அதுதான். அலங்காரமாக மட்டும் அதைப் பார்த்தால் இந்த உழைப்பு தெரியாது.

இப்போது இரண்டாம் வரியை மட்டும் மாற்றுகிறேன்: ‘சேலையின் கரையோ பாதி நனைந்தது’. செய்தி கிட்டத்தட்ட அதே செய்திதான். ஆனால் இரண்டு வரிகளும் ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி நிற்கின்றன. எதுகை போனதும் வரிகளுக்கு இடையே இருந்த கைப்பிடி விட்டுப்போய்விட்டது. ஓர் உத்தி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதைப் பிடுங்கிவிட்டுப் படிப்பதுதான் நான் கண்ட எளிய வழி. அக்கா மகனுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. எடுத்தெழுதச் சொன்னால் முகம் சுளிப்பவன், கெடுக்கச் சொன்னால் உற்சாகமாகிவிடுகிறான்.

கெடுத்துப் பார்க்க வாகான இன்னொரு சரக்கு பழமொழி. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி.’ முதல் பாதியில் மூன்று சொல்லும் ‘க’. இரண்டாம் பாதியில் கூ, கு, கு. அதோடு சொற்களின் நீளத்தையும் கவனியுங்கள். கந்தையானாலும் என்று நீளமாகத் தொடங்கி, கசக்கி என்று சுருங்கி, கட்டு என்று முடிச்சுப் போடுகிறது. கூழானாலும், குளித்து, குடி. இதுவும் அப்படியே. சாக்குச் சொல்வதற்கு நீண்ட சொல், கட்டளைக்குக் குட்டிச் சொல். பேச்சு அங்கே முடிந்தது, எதிர்க்கேள்வி கிடையாது. ‘கிழிந்த துணியாக இருந்தாலும் துவைத்து உடுத்து’ என்று மாற்றினால் அறிவுரை அப்படியே இருக்கும், அதட்டல் காணாமல் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’. மூன்றும் ககர மோனை என்பது யாருக்கும் தெரியும். ஆனால் சொற்கள் வரவர நீள்கின்றன: மூன்று எழுத்து, ஐந்து எழுத்து, ஆறு எழுத்து. படியேறுகிறது. மேடையில் சொல்லும்போது குரலும் கூடவே ஏறும், கூட்டம் கைதட்ட இடம் கிடைக்கும். வரிசையைத் திருப்பி ‘கட்டுப்பாடு, கண்ணியம், கடமை’ என்று சொல்லிப் பாருங்கள். மோனைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கடைசியில் சப்பென்று உட்கார்ந்துவிடுகிறது. அடுக்குமொழி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் இந்த நுணுக்கம் கண்ணில் படாது.

சரி, சூர்ப்பணகை. அந்தப் பாட்டை ரசித்துச் சொல்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: மெல்லின ஒலிகளால் கம்பன் அவள் நடையின் நளினத்தைக் காட்டுகிறான். உண்மைதான். பஞ்சு, தாமரை, மயில், அன்னம் என்று பாட்டு மெத்தென்று தொடங்குகிறது, ‘ஞ்ச’ ‘ஞ்ச’ என்று கொலுசு மாதிரி ஒலிக்கிறது. ஆனால் பாட்டு முடிகிற இடத்தைப் பாருங்கள். அங்கே வருவது நஞ்சும் வஞ்சமும். ஒலி மாறவே இல்லை! பஞ்சுக்கு எந்த ‘ஞ்ச’வோ, அதே ‘ஞ்ச’தான் நஞ்சுக்கும். கடைசி அடியில் திடீரென்று வல்லினத்தைக் கொட்டி ‘இவள் அரக்கி’ என்று அவன் காட்டிக் கொடுத்திருக்கலாம். சாதாரணக் கவிஞன் அதைத்தான் செய்திருப்பான். கம்பன் வேடத்தைக் கடைசிவரை கலைக்கவில்லை. காது மயங்கிக் கிடக்கிறபோதே நஞ்சு உள்ளே வந்துவிடுகிறது. இராமனுக்கு எதிரே நடப்பது என்னவோ, அதுவே நம் காதிலும் நடக்கிறது.

அதனால்தான் ‘வல்லினம் வந்தால் கோபம், மெல்லினம் வந்தால் காதல்’ என்கிற உரைநூல் வாய்ப்பாட்டை நான் நம்புவதில்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். எழுத்து மிகுதியைச் சொல்லி அந்த மட்டில் நிறுத்திக்கொள்கிறது. இது கோபத்துக்கு, அது காதலுக்கு என்று ஒட்டுச்சீட்டு எதுவும் ஒட்டவில்லை. பட்டு என்ற சொல்லில் வல்லினம்தான் இரட்டிக்கிறது. அதனால் பட்டு சொரசொரத்துவிட்டதா என்ன? ஒலிக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, பக்கத்தில் எந்தப் பொருள் நிற்கிறதோ அதை அது அழுத்துகிறது. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியின் போர்க்களத்தில் வல்லொற்றுகளை அடுக்கினால் வாளும் வாளும் மோதுகிற மாதிரி கேட்பது, அங்கே வாள் இருப்பதால்.

காதைப் பழக்க ஒரு கருவி நம்மிடமே இருக்கிறது: தத்தகாரம். எந்த வரியையும் சொற்களை உதறிவிட்டு வெறும் தகர னகரமாக்கிச் சொல்வது. பட்டுப் புடவை: ‘தத்தத் தனன’. பந்து விழுந்தது: ‘தந்த தனந்தன’. பாட்டு என்றால் ‘தாத்த’, மாலை என்றால் ‘தான’, செய்ய என்றால் ‘தய்ய’. வல்லொற்றுக்கு ஒரு குறி, மெல்லொற்றுக்கு ஒரு குறி, இடையினத்துக்கு ஒரு குறி, குறில் நெடிலுக்குத் தனித்தனி. திருப்புகழ்ப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் தனதன தத்தன என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அருணகிரிநாதர் வரிக்கு வரி அந்த அச்சைப் பிசகாமல் காப்பாற்றுகிறார் என்பதை, தலைப்பை ஒருமுறை தாளம் தட்டிச் சொல்லிவிட்டுப் பாட்டுக்குள் போனால்தான் உணர முடியும். சினிமாவில் இசையமைப்பாளர் ‘தன்னன்னா’ என்று மெட்டைப் பாடிக் காட்டப் பாடலாசிரியர் சொல் நிரப்புகிறாரே, அதுவும் இதே தொழில்தான்.

சினிமா என்றதும் இயைபு. ஆங்கில நர்சரிப் பாட்டு வழியாக வந்த பிள்ளைகள், ஒலி ஒற்றுமை எங்கே என்று கேட்டால் நேரே வரியின் வாலுக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது இயைபு. தமிழில் அது இருக்கிறது, ஆனால் மலிவு. வந்தான், நின்றான், சொன்னான், சிரித்தான் என்று வினைமுற்று தானாகவே ஒரே மாதிரி முடிகிற மொழியில் கடைசி எழுத்தை ஒன்றவைப்பதில் என்ன சாமர்த்தியம்? விகுதிகள் வாலில் தொங்குகின்றன, வேர்ச்சொல் தலையில் இருக்கிறது. பாடு, ஓடு, தேடு, நாடு என்று வேரையே ஒலியால் கட்டுகிற எதுகைக்கு நம்மவர்கள் முதல் மரியாதை கொடுத்தது அதனால்தான் என்பது என் கட்சி. மெட்டு வரி முடிவில் வந்து இறங்குவதால் சினிமாப் பாட்டுக்கு இயைபு தேவைப்படுகிறது, அது வேறு நியாயம். பேச்சுத்தமிழில் எழுதப்பட்ட பாட்டில் காற்று ‘காத்து’ ஆகிவிடும், பார்த்து ‘பாத்து’ ஆகிவிடும், இரண்டும் எதுகையாகிவிடும். றகரத்தை இன்றும் தனியாக ஒலிக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ‘காற்று’ என்று சொன்னால் அந்தச் சோடி சேராது. யார் வாயில் கேட்கிறோம் என்பதும் முக்கியம்.

இன்னொன்றையும் பழகிக்கொண்டால் நல்லது: ஓர் உத்தி எங்கே கட்டாயம், எங்கே விருப்பம் என்பது. விருத்தத்தில் நான்கு அடிக்கும் ஒரே எதுகை வந்தே தீர வேண்டும். அங்கே எதுகை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதில் ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கதவு இருக்கிறது என்பது போன்ற தகவல் அது. சங்க அகவலில் அப்படிக் கட்டாயம் இல்லை. பல அடிகள் சும்மா நடந்து வந்து, திடீரென்று இரண்டு அடிகள் எதுகையில் பூட்டிக்கொண்டால் அங்கே நின்று பார்க்கலாம். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எதுவுமே இல்லாமல் வருகிற செய்யுளுக்கும் நம் இலக்கணக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள், செந்தொடை என்று. எதுவும் இல்லை என்பதையும் ஒரு தேர்வாகக் கணக்கில் எடுத்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை வந்து புதுக்கவிதைக்கு மேடை போட்டபோது ஒலி செத்துவிட்டது என்று புலம்பியவர்களுக்கு, ‘செந்தொடை என்று ஒன்று உண்டே ஐயா’ என்று யாராவது சொன்னார்களா தெரியவில்லை.

கடைசியாக, காதை விட்டு வாய்க்கு ஒரு பயிற்சி. நிரோட்டகம். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. ப, ம, வ கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ கூடாது, அவை ஏறிய உயிர்மெய்களும் கூடாது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்று ஒரு முழு நூலையே இப்படிச் செய்திருக்கிறார். போதாததற்கு, ஒரே எழுத்துக்கோவை வேறு வேறு பொருளில் மடங்கி வருகிற யமகம் வேறு. வித்தை என்று மலைக்கிறேன், விரும்பிப் படிக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சிக்கு இது போல் இன்னொன்று கிடையாது. ‘-உம்’ போச்சு, ‘-க்கு’ போச்சு, ‘வந்தது’ ‘போனது’ எல்லாம் போச்சு. ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று யோசிக்காமல் ஒரு சொல் நகராது. என் பங்குக்கு ஒரு வாக்கியம்:

கடற்கரையில் நிற்கையில் நிலா எழ, அலைகள் அழகழகாய்ச் சிதறின.

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், உதடு சும்மா இருக்கும். அக்கா மகனிடம் இதைக் கொடுத்து, நீயும் ஒன்று எழுது என்றேன். பயல் அரைமணி நேரம் கண்ணாடி முன்னாலேயே நின்றான். கொண்டுவந்து காட்டிய தாளில் இரண்டே சொல்: ‘கணக்கில் தேறினேன்.’

“நிஜமாவாடா?”

“இல்ல மாமா. ஃபெயில்னு எழுதலாம்னா உதடு ஒட்டுது.”